எஃகுக் குண்டும் எண்சக்கரங்களும்

மின்னணுக் காலத்துக்கு முந்தைய ‘பின்பால்’ பொறிகள் இன்றும் நம்மைக் கவர்வது ஏன்?

கோடை விடுமுறை என்றதும் நம்மில் பலருக்கு ஒரு மரப்பலகை நினைவுக்கு வரும். அதன் மேல்விளிம்பு வளைந்திருக்கும். பலகையெங்கும் சிறு ஆணிகள் வட்டம் வட்டமாக அறையப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண் இருக்கும். ஓரத்தில் உள்ள சுருள்வில்லை இழுத்து விட்டால் குண்டு மேலே பாய்ந்து, வளைவில் திரும்பி, ஆணிகளில் முட்டி மோதி, ஏதேனும் ஒரு வட்டத்துக்குள் சென்று அடங்கும். ‘பேகடெல்’ என்ற பெயரில் விற்பனையான அந்தப் பலகையைச் சுற்றி அமர்ந்து, வென்ற புள்ளிகளைத் தாளில் எழுதிக் கூட்டிய பகற்பொழுதுகள் எத்தனையோ!

அந்த விளையாட்டில் ஒரு குறை உண்டு. குண்டை விடுவது வரையில்தான் நமக்கு வேலை. அதன் பிறகு நடப்பவை யாவும் ஆணிகளின் விருப்பம். ‘இன்னும் சற்று இடப்புறம் போகாதா’ என்று ஏங்குவதைத் தவிர நம்மால் ஆவது ஒன்றுமில்லை.

அதே பலகை அமெரிக்காவில் கால் முளைத்து நின்று, கண்ணாடி மூடி பெற்று, மின்விளக்குகளும் மணிகளும் பூண்டு வளர்ந்த வடிவமே ‘பின்பால்’ பொறி. ஆணியைக் குறிக்கும் ‘பின்’, பந்தைக் குறிக்கும் ‘பால்’ ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து அமைந்த பெயர் அது. பிற்காலத்தில் ஆணிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன; பெயர் மட்டும் நிலைத்தது. இதன் வரலாற்றில், 1930களின் நடுப்பகுதியில் தொடங்கி 1970களின் இறுதியில் முடிவுற்ற ஒரு தலைமுறை உண்டு. கணிப்பொறிச் சில்லு எதுவுமின்றி, மின்காந்தமும் சக்கரமும் சுவிட்சும் மட்டுமே கொண்டு இயங்கிய மின்-இயந்திரப் பொறிகளின் தலைமுறை அது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவற்றைத் தேடிப்பிடித்துப் பழுது நீக்கி ஆடுவோர் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களை ஈர்ப்பது எது என்பதை இங்கே காண்போம்.

மாளிகையிலிருந்து மதுக்கடைக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரான்சில், செல்வர்களின் மாளிகைகளில் மேசைமேல் ஆடப்பட்டது பேகடெல். கோலால் தள்ளி ஆடிய அந்த ஆட்டத்துக்குச் சுருள்வில் உந்துதண்டைப் பொருத்திக் காப்புரிமை பெற்றவர், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மான்டேகு ரெட்கிரேவ். ஆண்டு 1871. இன்றைய பொறிகளிலும் வலப்புற மூலையில் துருத்தி நிற்கும் இழுவைக் கைப்பிடி அவர் வழிவந்ததே.

1931இல் சிகாகோவைச் சேர்ந்த டேவிட் காட்லீப், ‘பேஃபிள் பால்’ என்ற சிறிய மேசைப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 17.50 டாலர். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் மூழ்கிக் கிடந்த காலம் அது. வேலையிழந்தவர்களின் சட்டைப்பையில் எஞ்சியிருந்த ஒரு சென்ட் நாணயம் சில குண்டுகளையும் சில நிமிட மறதியையும் வாங்கித் தந்தது. கடைக்காரர்களுக்கோ, போட்ட முதலை விரைவில் மீட்டுத் தரும் ஒரு சிறு தொழில் அமைந்தது. 50,000க்கும் மேற்பட்ட பொறிகள் விற்றன. சிகாகோ இத்தொழிலின் தலைநகரமானது.

விரைவிலேயே மின்சாரமும் வந்து சேர்ந்தது. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கான்டாக்ட்’ என்னும் பொறியில், குழிக்குள் விழுந்த குண்டை மின்காந்தம் ஒன்று உதைத்து வெளியே தள்ளியது. கூடவே மணியும் ஒலித்தது. குண்டு செல்லும் இடத்துக்குப் பொறி பதில் பேசத் தொடங்கிய தருணம் அது எனலாம்.

சம்மட்டியும் துடுப்பும்

ஆனால், பேகடெல் பலகையின் அந்தப் பழைய குறை அப்போதும் நீங்கவில்லை. குண்டு புறப்பட்ட பிறகு ஆடுபவர் கையில் ஏதும் இல்லை என்றால், அது திறமை விளையாட்டா, அதிர்ஷ்டச் சூதா? சில பொறிகள் வெற்றி பெற்றவருக்குப் பணமே கொடுத்தன. பள்ளிச் சிறுவர்களின் சிற்றுண்டிக் காசு இவற்றில் கரைகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நியூயார்க் நகரத் தந்தை ஃபியோரெல்லோ லா கார்டியா 1942இல் பின்பாலுக்குத் தடை விதித்தார். காவல் துறையினர் கடைகளுக்குள் புகுந்து பொறிகளைப் பறிமுதல் செய்தனர். நகரத் தந்தையே சம்மட்டி ஏந்தி அவற்றை உடைக்கும் புகைப்படங்கள் நாளேடுகளில் வெளியாயின. லாஸ் ஏஞ்சலஸிலும் தடை இருந்தது. இப்பொறிகளின் பிறப்பிடமான சிகாகோவிலேயே அவற்றை ஆடப் பல ஆண்டுகள் தடை நிலவியது என்பது வேடிக்கையான உண்மை.

தடைக்கான காரணத்தையே தகர்த்த கண்டுபிடிப்பு 1947இல் வந்தது. காட்லீப் நிறுவனத்துக்காக ஹாரி மாப்ஸ் வடிவமைத்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ பொறியின் இரு பக்கங்களிலும் மும்மூன்றாக ஆறு சிறு துடுப்புகள் இருந்தன. ‘பிளிப்பர்’ எனப்படும் இவற்றைப் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள பொத்தானை அழுத்தி இயக்கலாம். கீழே சரிந்து மறையவிருந்த குண்டை மீண்டும் மேலே அடித்து அனுப்பலாம். ‘இன்னும் சற்று இடப்புறம்’ என்று ஏங்கியவர்க்கு முதன்முறையாக அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழி கிடைத்தது.

மழைக்கு ஒதுங்கியவர்

அடுத்த ஆண்டே இக்கண்டுபிடிப்புக்குத் திருத்தம் தந்தவர் ஸ்டீவ் கோர்டெக். அவர் இத்துறைக்கு வந்த கதை சுவையானது. 1937இல் சிகாகோ வீதியொன்றில் நடந்துகொண்டிருந்த அந்த இளைஞர், திடீரெனப் பிடித்த மழைக்கு ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்கினார். அது ‘ஜென்கோ’ என்னும் பின்பால் நிறுவனம். வேலை தேடி வந்தீர்களா என்று வரவேற்பறையில் கேட்டார்கள். ஆம் என்றார். மணிக்கு 45 சென்ட் கூலிக்குக் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை கிடைத்தது.

அவர் 1948இல் வடிவமைத்த ‘டிரிபிள் ஆக்‌ஷன்’ பொறியில் ஆறு துடுப்புகளுக்குப் பதிலாக இரண்டே இருந்தன. இரண்டும் ஆடுகளத்தின் அடிப்பகுதியில் இருந்தன. சிக்கனமாக வளர்க்கப்பட்டவர் அவர். இரண்டு போதும் என்ற இடத்தில் ஆறுக்குச் செலவிட மனம் ஒப்பவில்லை என்று பிற்காலத்தில் அவரே காரணம் கூறினார். அந்தச் சிக்கனம் விளையாட்டின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. கீழே இரண்டு துடுப்புகள், அவற்றுக்கிடையே குண்டு நழுவிவிடக்கூடிய ஓர் இடைவெளி. இன்றுவரை பின்பால் என்றால் இந்த அமைப்புதான். வாய்ப்பும் ஆபத்தும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் அந்த இடத்தில்தான் ஆடுபவரின் கண் நிலைத்திருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட பொறிகளை வடிவமைத்த கோர்டெக், தமது 100ஆம் வயதில், 2012இல் மறைந்தார். அவருடைய முதிர்ந்த படைப்புகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மின்-இயந்திரப் பொறியின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம்.

மூடியைத் திறந்தால்

1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலமும் சோவியத்தின் சோயுஸ் விண்கலமும் வானில் ஒன்றோடொன்று இணைந்தன. அந்நிகழ்வைக் கருப்பொருளாகக் கொண்டு, 1976இல் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காகக் கோர்டெக் உருவாக்கியதே ‘ஸ்பேஸ் மிஷன்’. நால்வர் மாறி மாறி ஆடக்கூடிய பொறி இது. ஆடுகளத்தின் நடுவே, ஒரு மோட்டாரின் துணையால் இடமும் வலமுமாக ஓயாது ஊசலாடும் ஓர் இலக்கு உண்டு. விண்கலம் விண்கலத்தை நெருங்குவதுபோல், குண்டை அதன்மீது காலம் பார்த்து அடிக்க வேண்டும். 11,000க்கும் மேற்பட்ட பொறிகள் தயாராயின.

நாம் அதன் முன் நிற்பதாகக் கொள்வோம். நாணயத்தை இட்டுப் பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து கடகடவென ஓர் ஓசை எழுகிறது. முந்தைய ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்த எண்சக்கரங்கள் ஒவ்வொரு படியாகச் சுழன்று பூச்சியத்துக்குத் திரும்புகின்றன. ‘டொக்’ என்ற ஒலியுடன் குண்டு தடத்துக்கு வருகிறது. 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. ஆடுகளத்தின் சரிவு ஏறத்தாழ 3.5 பாகைதான், இன்றைய பொறிகளில் 6.5 பாகை. ஆகவே இங்கே குண்டு பாய்வதில்லை. தவழ்ந்து, தயங்கி, மிதந்து வருகிறது. அந்தத் தயக்கம் ஆடுபவருக்குச் சிந்திக்க நேரம் தருகிறது. பதற்றத்தையும் கூடவே தருகிறது.

குண்டு ஓர் இலக்கைத் தொட்டால் என்ன நிகழ்கிறது? இலக்கின் பின்னே இரு மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. குண்டின் மோதல் அவற்றைச் சேர்த்துவிடுகிறது. மின்னோட்டம் ஒரு ரிலேயை இழுக்கிறது. ரிலே ஒரு மின்காந்தத்தை எழுப்புகிறது. மின்காந்தம் எண்சக்கரத்தை ஒரு படி தள்ளுகிறது. அதே நொடியில் ஒரு சிறு தண்டு உலோகப் பட்டையொன்றைத் தட்டி மணி எழுப்புகிறது. பத்துப் புள்ளிக்கு ஒரு சுருதி, நூறுக்கு வேறொரு சுருதி, ஆயிரத்துக்கு மற்றொன்று. சக்கரம் ஒன்பதிலிருந்து பூச்சியத்துக்குத் திரும்பும்போது ஒரு சுவிட்சைத் தட்டிவிடுகிறது. அடுத்த சக்கரம் ஒரு படி ஏறுகிறது. தொடக்கப் பள்ளியில் நாம் கற்ற ‘மிச்சம் ஒன்று’ இங்கே இரும்பில் நிகழ்கிறது.

ஐம்பது புள்ளிகளை ஒரேயடியாக வழங்க இப்பொறிக்குத் தெரியாது. மேடும் பள்ளமுமான தட்டுகளைக் கொண்ட ஒரு சிறு மோட்டார் சுழன்று, பத்துப் பத்தாக ஐந்து முறை துடிப்பு அனுப்புகிறது. சக்கரம் ஐந்து முறை நகர்கிறது. மணி ஐந்து முறை ஒலிக்கிறது. கணக்கர் பேரேட்டில் ஒவ்வொரு வரவையும் தனித்தனியே பதிவு செய்வதுபோல், ஒவ்வொரு புள்ளியும் காதால் கேட்டுச் சரிபார்க்கத்தக்க பதிவாகிறது. பழகிய ஆட்டக்காரர் எண்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண் குண்டின்மீது இருக்க, காது கணக்கைப் பார்த்துக்கொள்கிறது.

துடுப்பை இயக்கும் மின்காந்தச் சுருளில் உள்ள நுட்பமும் எண்ணி வியக்கத்தக்கது. அதில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியாலான முதற்சுற்று மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துத் துடுப்பை வீசச் செய்கிறது. அதே மின்னோட்டம் தொடர்ந்தால் சுருள் விரைவிலேயே கருகிவிடும். எனவே துடுப்பு உச்சியை எட்டிய கணமே ஒரு சுவிட்சைத் தானே திறந்துவிடுகிறது. உடனே மெல்லிய கம்பியால் பலமுறை சுற்றப்பட்ட இரண்டாம் சுற்றும் பாதையில் சேர்ந்துகொள்ள, மின்னோட்டம் குறைந்து, தூக்கிய துடுப்பைத் தாங்கி நிற்க மட்டும் போதுமானதாகிறது. அடிப்பதற்கு ஒரு வலிமை, பிடித்திருப்பதற்கு ஒரு வலிமை. எதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே செலவு.

இவை பின்பாலுக்கென்றே பிறந்த உறுப்புகள் அல்ல. நம் நாட்டு நகரங்களில் ஒரு காலத்தில் இயங்கிய ‘ஸ்ட்ரோஜர்’ தானியங்கித் தொலைபேசி நிலையங்களும் ரிலேக்களையும் படிப்படியாக ஏறும் தேர்விகளையும் கொண்டவையே. பெங்களூருவின் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் அவற்றை இங்கேயே தயாரித்தது. அந்நிலையங்களுள் பணியாற்றியவர்கள் ஒரு பின்பால் பொறியின் பின்புறக் கதவைத் திறந்தால், பழகிய ஊருக்குள் நுழைந்ததுபோல் உணர்வார்கள்.

தட்டலாம், உலுக்கலாகாது

இப்பொறியோடு நாம் கைகளால் மட்டும் ஆடுவதில்லை. குண்டு தவறான திசையில் செல்லும்போது பெட்டியை உள்ளங்கையால் சற்றே தட்டி, இடுப்பால் இலேசாக நகர்த்தி, அதன் போக்கை மாற்றலாம். இது விதிமீறல் அன்று. கலையின் ஒரு பகுதி. ஆனால் அதற்கு எல்லை உண்டு. பெட்டிக்குள் ஒரு வளையத்தின் நடுவே ஊசற்குண்டு ஒன்று தொங்குகிறது. வரம்பு மீறி உலுக்கினால் அது வளையத்தைத் தொட்டுவிடும். உடனே ‘டில்ட்’ என்ற சொல் ஒளிரும். துடுப்புகள் செயலற்றுப் போகும். குண்டு நம் கண்முன்னே மெல்ல உருண்டு மறையும். பழைய பொறிகள் பலவற்றில் அந்த ஒரு தவறு முழு ஆட்டத்தையும் முடித்துவிடும்.

மேல்முறையீடு இல்லாத தீர்ப்புதான். ஆயினும் அதில் வஞ்சகம் இல்லை. நீதிபதி ஒரு கம்பியில் தொங்கும் எடை. அவர் எல்லோருக்கும் ஒரே அளவில் தொங்குகிறார். ஆட்ட முடிவில் இலவச ஆட்டம் தரும் ‘அதிர்ஷ்ட எண்’ணும் பெரும்பாலான பொறிகளில் மாயமாகத் தோன்றுவதில்லை. ஆட்டம் நடக்கும்போதே ஒரு படிச்சக்கரம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அது நின்ற இடமே அந்த எண். நாம் அதிர்ஷ்டம் என்று அழைப்பது, நாம் பாராதிருந்த ஒரு சக்கரத்தின் இருப்பிடம். கண்ணாடியை அகற்றிப் பலகையை உயர்த்தினால், முடிவு எப்படி வந்தது என்பதைப் பின்னோக்கித் தேடிச்சென்று ஒவ்வொரு கம்பியாகக் காட்டிவிடலாம். இப்பொறிகளின் ஈர்ப்பில் பெரும்பங்கு இதற்கே உரியது என்று நாம் கருதுகிறோம். அவை எதையும் மறைப்பதில்லை.

மன்றத்தில் உருண்ட குண்டு

1974இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், பின்பால் பெரிதும் திறமையைச் சார்ந்ததே என்று கூறி லாஸ் ஏஞ்சலஸின் தடையை நீக்கியது. நியூயார்க்கில் அதற்கான வாதம், ஒரு பொறியின்மீதே நடந்தது.

1976 ஏப்ரலில், ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர மன்றக் குழுவின் முன் சாட்சியளிக்க அழைக்கப்பட்டார். இரண்டு மின்-இயந்திரப் பொறிகள் மன்றத்துக்குள் கொண்டுவரப்பட்டிருந்தன. ஒன்று ஆடிக் காட்டுவதற்கு. மற்றொன்று, பழுது நேர்ந்தால் மாற்றாக. முதல் பொறியில் ஏதேனும் சூழ்ச்சி இருக்கலாம் என ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், மாற்றுப் பொறியில் ஆடுமாறு பணித்தார். ஷார்ப் அதிலும் ஆடினார். உறுப்பினர்களின் ஐயம் தீரவில்லை. அப்போது அவர் உந்துதண்டைப் பற்றிக்கொண்டு, இனி விடப்போகும் குண்டு மேலேயுள்ள பாதைகளுள் நடுப்பாதையின் வழியாகவே இறங்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார். 34 ஆண்டுத் தடை ஓர் உருளையின் பயணத்தில் தொங்கியது. குண்டு மேலேறி, வளைவில் திரும்பி, அவர் சொன்ன பாதையிலேயே இறங்கியது. தடை விலகியது.

அந்த வீச்சில் நற்பேறும் சற்றுத் துணைநின்றது என்பதைப் பின்னாளில் ஷார்ப் அவர்களே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் வழக்கைக் கெடுக்கவில்லை. விளையாட்டின் இயல்பை இன்னும் நேர்மையாகச் சொல்கிறது. பின்பாலில் நற்பேறு உண்டு. பயிற்சியும் உண்டு. பயின்றவருக்கு நற்பேறு வாய்க்கும்போது அதைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ளத் தெரிகிறது.

பேணும் கைகள்

விடுதலை கிடைத்த வேளையில் அந்தத் தலைமுறை முடிவை நெருங்கியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் நுண்செயலி பின்பாலுக்குள் நுழைந்தது. நூற்றுக்கணக்கான சுவிட்சுகளும் ரிலேக்களும் செய்த வேலையை ஒரு மின்சுற்றுப் பலகை செய்தது. சக்கரங்களின் இடத்தில் ஒளிரும் இலக்கங்கள் வந்தன. மணிகளின் இடத்தில் மின்னணு ஒலிகள் வந்தன. 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ போன்ற திரை விளையாட்டுகளும் வந்து சேர, பழைய பொறிகள் பல கிடங்குகளுக்கும் குப்பைக்கும் சென்றன.

எஞ்சியவற்றைக் காப்பவர்களின் பணி பொறுமை மிக்கது. தகட்டுச் சுவிட்சின் இடைவெளி மயிரிழை மிகுந்தாலும் புள்ளி பதிவாகாது. குறைந்தாலோ தொடாமலே பதிவாகும். படிச்சக்கரத்தில் இட்ட பழைய மசகு காலப்போக்கில் பசையாக இறுகி, சக்கரத்தைப் பாதி வழியில் நிறுத்திவிடும். ரப்பர் வளையங்கள் வெடிக்கும். துரு ஏறிய குண்டு, வண்ணம் தீட்டிய மரப்பலகையை மெல்ல அரித்துவிடும். ஆனால் இப்பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு விலையுயர்ந்த உதிரிப்பாகம் வேண்டியதில்லை. மின்சுற்று வரைபடம், சிறு அரம், திருப்புளி, கூர்ந்த கண் ஆகியவை போதும். எந்த ரிலே எழவில்லை என்று பார்த்து, அதற்கு மின்சாரம் வர வேண்டிய வழியைப் பின்தொடர்ந்தால், ஏதோ ஓரிடத்தில் கறுத்துப்போன ஒரு தொடுமுனை காத்திருக்கும். அதைத் துடைத்ததும் பொறி உயிர்பெறும் மகிழ்ச்சி, ஆடி வெல்லும் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று என்பார்கள் அனுபவம் உள்ளோர்.

இக்கைத்திறன் மறைந்தால் பொறிகளும் மறையும். லாஸ் வேகாஸில் உள்ள பின்பால் அருங்காட்சியகத்தில் பழைய பொறிகளைக் கயிறு கட்டி ஒதுக்கி வைப்பதில்லை. வருவோர் நாணயம் இட்டு ஆடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் அலமேடா நகரிலுள்ள பசிபிக் பின்பால் அருங்காட்சியகத்துக்காக, உள்ளுறுப்புகள் யாவும் தெரியும்படி ஒளிபுகும் பலகைகளால் ஒரு மின்-இயந்திரப் பொறியையே உருவாக்கியிருக்கிறார்கள். தொடுதிரையில் வளரும் குழந்தைகள் அதன் முன் நின்று, தாங்கள் அழுத்திய பொத்தான் எதை அசைத்தது, அது மற்றெதை அசைத்தது என்று கண்ணால் தொடர்ந்து காணலாம்.

இறுதியாக ஒரு செய்தி. மின்னணுத் திரையில் மின்சாரம் நின்றால் எண்களும் அணைந்துவிடும். மின்-இயந்திரப் பொறியில் அவ்வாறில்லை. மின்தொடர்பைத் துண்டித்துக் கிடங்கில் வைத்தாலும், எண்சக்கரங்கள் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. எங்கோ ஒரு பழைய கொட்டகையில், தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், பெயர் அறியா ஒருவர் என்றோ ஈட்டிய புள்ளிகள் இன்னும் அப்படியே இருக்கக்கூடும். அடுத்து ஒருவர் வந்து, பழுது நீக்கி, நாணயம் இடும் வரை அவை காத்திருக்கும். பிறகு கடகடவென்ற அந்த ஓசையுடன் சக்கரங்கள் பூச்சியத்துக்குத் திரும்பும்.